குதிகாலை இறக்குங்க சார்

அறையில் இருந்தவர்கள்: கால்பந்துக் கிளப்பின் இளையோர் அகாடமி இயக்குநர், அவருடைய பயிற்சியாளர், என் அண்ணன், அண்ணி, அவர்களுடைய பொடியன், குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை முடிந்து தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்த நான்.

இயக்குநர் நல்லவர் மாதிரி பேசினார். எரிச்சலே அதுதான்.

பொடியனின் இடது காலைப் புகழ்ந்தார். பந்து அவன் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றார். அடுத்த வருடம் அவனுக்கு இங்கே இடமில்லை என்பதையும் அதே குரலில் சொன்னார்.

காரணம் உயரம்.

இன்றைய உயரம் இல்லை. இனிமேல் வரப்போகிற உயரம். அப்பா, அம்மா இருவரின் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், பிள்ளை எதுவரை வளர்வான் என்று தெரிந்துவிடுமாம். போன வாரம் பெற்றோரை வரச் சொன்னது அதற்குத்தான்.

எங்களுடையது பல்பு மாற்றப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குடும்பம்.

அளக்கிற அன்று நானும் கூடப் போயிருந்தேன். அண்ணி கொண்டையை உச்சந்தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். பலகை இறங்கி அதைச் சப்பையாக்கியது. அண்ணன் கால்விரலில் எக்கி நின்றான்.

“குதிகாலை இறக்குங்க சார்” என்றார் அளந்தவர், மரியாதையாகத்தான்.

இறக்கினான். அவர் குனிந்து அளவைப் பார்ப்பதற்குள் மறுபடியும் எக்கினான். தலை நரைத்த மனிதன், ஒரு விரற்கடைக்காகத் திருட்டுத்தனம் செய்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மிச்சமிருக்கும் ஒரே இடம் இன்னொரு பையனுக்காம். பந்து வந்தால் முழங்காலால் தடுப்பான். ஆனால் அவனுடைய அப்பா எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். சாயங்காலம் அந்த வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களாம்.

வேறு கிளப்பில் சேர்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக, என்றார். ஆனால் இத்தனை வருடம் இவனை வளர்த்தது இவர்கள். எடுக்கிற கிளப் அதற்கு ஈடாக இவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். லீக் விதி. வளரமாட்டான் என்று ஒரு கிளப் கழித்துவிட்ட பிள்ளைக்கு எவன் ஈடு கொடுப்பான்? வைக்கோற்போரில் படுத்த நாய் கதை.

இது நியாயமா என்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கணக்குதான் என்றார். பயிற்சியாளர் தன் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும். அவன் இயக்குநருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

பொடியன் அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வெளியே போனான். நடைவழியில் நின்று திரும்பினான்.

“ஏம்ப்பா, உன் உயரம்தான் எனக்கு வரணுமா?”

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் கையைப் பிடித்தாள். வாய் மூடிக்கொண்டது.

அண்ணன் ஜென்மத்தில் பந்தை உதைத்தவன் இல்லை. ஆனாலும் பக்கத்து வீடு, பஸ் நிறுத்தம், முடிவெட்டுகிற கடை என்று பார்க்கிற இடத்திலெல்லாம், என் காலு அப்படியே இவனுக்கு வந்திருக்கு என்பான். காது நம்ம அம்மா காது என்பான். கோபம் சித்தப்பா கோபம் என்று என்னையும் இழுத்துவிடுவான். கேட்டுக் கேட்டு எனக்கே அது பழகிப்போயிருந்தது.

பொடியன் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனதும் அண்ணனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். சொல்லித் தொலை என்றேன். அண்ணி தலையை ஆட்டினாள். இங்கே சொன்னால் நாளைக்கு மைதானம் முழுக்கத் தெரியும், அவன் காதுக்கும் வரும் என்றாள். மைதானத்துக்கே அவன் வரப்போவதில்லையே என்றேன்.

அண்ணி இன்னும் அண்ணன் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

அவர்கள் அளந்தது தப்பான ஆட்களை. சரியான ஆட்களை எங்கே போய்த் தேடுவது? ஆஸ்பத்திரியில் துண்டில் சுற்றி அண்ணி கையில் கொடுத்தபோது, பெற்றவர்களின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. உயரத்தையா சொல்லியிருப்பார்கள்?

பொடியனுக்கு இது தெரியாது. பெரியவனானதும் சொல்லலாம் என்று இருந்தார்கள். எவ்வளவு பெரியவன் என்று நான் கேட்டதில்லை.

அண்ணி கையை விட்டாள்.

தண்ணி பாட்டிலை உள்ளே வைத்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பொடியனுக்குக் கேட்கும்படி சொன்னான் அண்ணன். குழாயடியில் பொடியன் நிரப்பிக்கொண்டிருந்தது அந்தப் பாட்டிலைத்தான்.

இயக்குநரின் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான். இந்த முறை குதிகால் இரண்டும் தரையில் இருந்தன.

உள்ளே போனான். கதவு மூடியது. பிறகு, உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.