துயரம் காணப்படவில்லை

அடுத்தவர் வலியை உணர்ந்தால்தான் மனிதன் உயர்வான் என்று இருநூறு வருடங்களுக்கு முன்னால் சீமையில் ஒரு நாவலாசிரியை எழுதிவைத்துவிட்டுப் போனார். அரசாங்கம் அதை அப்படியே நம்பி, மருத்துவ உதவி அலுவலகத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு, அதிகாரிகளின் மணிக்கட்டில் ஒரு பட்டையையும் மாட்டிவிட்டது. மனு கொடுப்பவர் ஜன்னலோரப் பிடியில் கையை வைத்தால் போதும், அவர் மனசு அதிகாரிக்குள் இறங்கிவிடும்.

செண்பகவடிவு வருவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அதிகாரி ஞானதுரை தேம்பித் தேம்பி அழுதார். அழுத அதிகாரிக்கு ஒரு வாரம் ஓய்வு என்பது விதி. மனு அப்படியே கிடந்தது. நாளைக்குள் கையெழுத்து விழாவிட்டால் அவள் புருஷனுக்கு டயாலிசிஸ் நின்றுவிடும்.

அதனால் இன்று ஒரு முடிவோடு வந்திருந்தாள். பிடியில் கை வைத்ததும், கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் சாம்பார் வாளிக்குள் காலை விட்டதை நினைத்தாள். வேறெதையும் நினைக்கவில்லை.

ஞானதுரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்லாத்தானம்மா இருக்கிய. போன தடவ உங்களால எனக்கு பிபி ஏறிட்டு."

"ஆமாய்யா, நல்லா இருக்கோம். கையெழுத்த மட்டும் போட்டிருங்க."

போட்டார். அதற்கு மேலே ஒரு வரியும் எழுதியிருந்தார்: 'மனுதாரரிடம் துயரம் காணப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

படித்தபோதும் அவள் கை பிடியில்தான் இருந்தது. ஞானதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தார்.

"ஐயா, அழாதிய. அந்த வரிய மட்டும் அடிச்சிட்டு அழுங்க."

"முடியலம்மா, உங்க கஷ்டம் எனக்குத் தாங்கல" என்று விம்மியபடியே ஜன்னலைச் சாத்தினார்.

சாத்திய பிறகும் அவர் அழுவது கேட்டது. அவளைவிட நன்றாகவே அழுதார்.