அடுத்த சத்தம்

பிரவுசிங் சென்டரின் ஒடுக்கமான அறைக்குள் 2004 ஏப்ரல் மாதத்துக் காலை வெயில் விழுந்து கம்ப்யூட்டர் திரையைப் பாதி வெளுக்கவைக்கிறது. காலண்டர் அச்சகத்தில் இரவு வேலை முடித்து நேராக இங்கே வந்திருக்கும் முனியராஜின் நகக்கண்களில் நீல மை. தோற்றுக்கொண்டே இருக்கிற நாடுகளின் கால்பந்து அணிகள்தான் அவனுக்குப் பிடிக்கும். அதிலும் இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத சான் மரினோ. எதிரணி போட்ட கோல்களை வாசிக்கும்போதெல்லாம் “இதோட நிக்கட்டும்” என்று முணுமுணுப்பான். நேற்றைய ஆட்டத்தின் இணையப் பக்கம் திரையில் மேலிருந்து மெதுவாக இறங்குகிறது. அப்போது எம். புதுப்பட்டிப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கிறது. தெருவில் போன சைக்கிள்கள் அப்படியே நிற்கின்றன. அவன் மனைவி பொன்மணி காலையில்தான் அந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

“டெஸ்ட்டு வெடியா இருக்கும் மாப்ள,” என்கிறார் கடைக்காரர் சாதிக் பாட்சா. “ஒத்தச் சத்தம்னா பயமில்ல. அடுத்தடுத்து கேட்டாத்தான்…” முடிக்காமல் எழுந்து மின்விசிறியை நிறுத்துகிறார், காது கொடுத்துக் கேட்பதற்காக. டீக்கடை ரேடியோவையும் யாரோ அணைக்கிறார்கள். ஒரு காகம் மட்டும் கரைகிறது. அந்த அமைதியில் திரையில் பக்கம் முழுதாக இறங்கிவிடுகிறது. சாதிக் பாட்சா எட்டிப் பார்க்கிறார்.

“மாப்ள, ஒன் டீமு செயிச்சிருச்சு. மொதத் தடவையா!”

ஜன்னலருகே போய்விட்ட முனியராஜ் திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடி அசைந்துவிடக் கூடாது என்பதுபோல உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்திருக்கிறான்.

“இதோட நிக்கட்டும்,” என்கிறான்.

கைக்கு அடியில் கண்ணாடி மறுபடி அதிர்கிறது.