பதினோராவது பெண்

பல்கலைக்கழக மகளிர் மன்றத்தின் நீதிக் கூட்டத்தில் தங்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல மேடையேறும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே உருவம், ஒரே குரல். மேடையிலுள்ள கருவி அப்படி மாற்றிக் காட்டும். பேசியவள் யாரென்று தெரிந்தால்தானே பிறகு அவளைப் பழிவாங்க முடியும்? வருடக்கணக்கில் துணைவேந்தரிடம் மல்லுக்கட்டி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பேராசிரியர் கோமளவல்லி. ஆளுக்கு மூன்று நிமிடம் என்ற விதியும் அவர் போட்டதுதான்.

அன்று பதினோராவதாக வந்த பெண், ஆய்வகத்தில் தனக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனாள். அரங்கமே காத்திருந்தது. இன்னும் எட்டுப் பேர் பாக்கி. மூன்று நிமிடம் முடிந்ததும் கோமளவல்லி மணியை அடித்தார்.

“உன் வலி எங்க எல்லாரோட வலிம்மா. அடுத்தவங்க வரலாம்.”

எல்லோருக்கும் சொல்வதுதான். அரங்கத்தில் வழக்கம்போல் ஆதரவாகச் செல்போன் விளக்குகள் உயர்ந்தன. அந்தப் பெண் இறங்காமல் கோமளவல்லியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொது முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது, அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் மகள் இளநிலா விளக்குப் போடாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டி இருட்டுல உக்காந்திருக்க?”

“கூட்டம் எப்படிம்மா போச்சு?”

“பிரமாதம். பத்தொன்பது பேரும் பேசி முடிச்சிட்டாங்க. அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பியாச்சு.”

இளநிலா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பதினெட்டுப் பேரும்மா. நான் முடிக்கறதுக்குள்ளதான் நீ மணி அடிச்சிட்டியே.”