ரெண்டு டிஸ்க்கும் ஒரு கணவரும்

“இனிமே ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும் மேடம்” என்ற டெக்னீஷியன், வீட்டுப் படங்கள் அத்தனையும் இரண்டு டிஸ்க்குகளில் பதிவாகியிருந்த பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிக் காட்டினார். டிவியில் மகள் முதலடி வைக்கும் வீடியோ நிற்காமல் ஓடியது.

“பார்த்தீங்களா!” மனைவி கைதட்டினாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் தலையாட்டினார்.

“அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாதுங்க” என்று சிரித்தாள்.

டெக்னீஷியன் டிஸ்க்கை மறுபடி செருகினார். “நானும் ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கறேன்” என்ற மனைவி, மகளின் படங்கள் மொத்தத்தையும் நிரந்தரமாக அழித்தாள்.

“ஐயோ மேடம்! என்ன பண்றீங்க?”

“ஏன்? இன்னொண்ணுல இருக்குமே!”

“ஒண்ணுல அழிச்சா அந்த நிமிஷமே இன்னொண்ணுலயும் அழிஞ்சிடும் மேடம்.”

எட்டு வருடப் படங்கள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் எழுந்து, மடித்து வைத்திருந்த போர்வைகளுக்கு அடியிலிருந்து சின்ன டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். “நேத்தே எல்லாத்தையும் இதுல காப்பி பண்ணிட்டேன்.”

டெக்னீஷியன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிரமாதம் சார்! எப்படித் தோணுச்சு?”

“டிஸ்க் போயிடுமோன்னு அவளுக்குப் பயம். எனக்கு அவளை நினைச்சுத்தான் பயம்.”