பெரிய மீனா, சின்ன மீனா?

“இன்னைக்கும் காலிதானா?”

தொட்டியின் கரையிலிருந்து மனைவி கேட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தவர், வலையில் துள்ளிய மீனைப் பிடித்து அதன் தாடையைக் கட்டைவிரலால் விலக்கிக் காட்டினார்.

“காலி. ஒண்ணு விடாம பார்த்துட்டேன்.”

திலேப்பியா என்ற இந்த வகைத் தாய்மீன் தன் முட்டைகளை வாய்க்குள் வைத்துத்தான் அடைகாக்கும். அதுவரை இரையும் எடுக்காது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளை வளர்ப்பது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அந்த மீன் நிஜமாகவே செய்கிறது. அந்த முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரித்து விற்பதுதான் இந்த மீன் பண்ணையின் பிழைப்பு.

அவர் இதற்கு முன் முட்டைக்கோழிப் பண்ணையில் இருந்தவர். நோய் வந்து கோழிகளை மொத்தமாகப் புதைத்தபோது வேலையும் குடியிருந்த வீடும் சேர்ந்தே போயின. “முட்டைன்னா எனக்கு அத்துப்படிங்க” என்று அடித்துச் சொல்லித்தான் இங்கே சேர்ந்தார். அன்று முதல் எல்லோருக்கும் அவர் கோழிக்காரர்.

ஆனால் மனிதர் உழைப்பாளி. முன்பு இருந்தவர் வாரத்துக்கு ஒரு தடவை வலை போட்டதோடு சரி. இவர் விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாய ஒருமுறை என்று எல்லா மீனையும் பிடித்துப் பார்ப்பார். அப்படியும் ஒரு முட்டை கண்ணில் படவில்லை என்றால் யாரை நோவது?

முதலாளி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்ன கோழிக்காரரே, பெரிய உடம்புதான் ஒரு தடவைக்கு நிறைய முட்டை போடும்னு சொன்னீங்க. வாங்கிப் போட்டேன். தீவனம்தான் காலியாச்சு.”

“ஆமாங்க.”

“உடம்பு பெருத்தா சோம்பல் வந்துடும், சின்னதுதான் அடிக்கடி போடும்னு நான் சொன்னேன். பக்கத்துத் தொட்டி முழுக்கச் சின்னது. அதுவும் கையை விரிச்சுடுச்சு. இப்ப நான் என்னதான் பண்றது?”

“நடுத்தரமாப் பார்த்து வாங்கினா…”

“போதும். மீன் வாங்கி வாங்கியே நான் ஓய்ஞ்சுட்டேன்.” முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “மத்தியானம் வியாபாரி வர்றார். ரெண்டு தொட்டியையும் வழிச்சு அனுப்பிடுங்க. பொரிப்பகத்தை மூடிடலாம்னு இருக்கேன். நீங்களும் வேற இடம் பார்த்துக்குங்க.”

கோழிக்காரர் வழித்து அனுப்பினார். கூடை கூடையாகத் தானே சுமந்து வண்டியில் ஏற்றினார். முதலாளிக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று எடுத்து, “வீட்டுக்கு வச்சுக்குங்க” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

பண்ணைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. கோழிக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

“நான் தொட்டது எதுவும் துலங்காது. கோழியும் போச்சு, மீனும் போச்சு. இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்?”

“கத்தாதீங்க. பொண்ணு வர்ற நேரம்.”

“அவ பரீட்சை முடியற வரைக்குமாவது இந்தக் கூரை இருக்கும்னு நெனைச்சேனே. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

மனைவி அரிவாள்மனையை இழுத்துப் போட்டு மீனைக் கழுவினாள்.

“உங்க மேல என்ன குத்தம்? பெத்த பிள்ளையைக்கூட நாம இப்படிப் பார்த்ததில்ல. அதுங்களுக்குத்தான் மலட்டு வயிறு” என்று பெரிய மீனின் வயிற்றைக் கீறினாள். கீறிய கை அப்படியே நின்றது.

“என்னங்க, இங்க வாங்களேன்.”

உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டைகள், ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தன.

“சினையா?” அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“சினைப்பை இதோ தனியா சுருங்கிக் கிடக்கு. போட்டு முடிச்ச வயிறு. இது இரைப்பைங்க.”

சின்ன மீனையும் அவசரமாகக் கீறினாள். அதன் இரைப்பையிலும் அதே மஞ்சள், அளவு மட்டும் கொஞ்சம் குறைவு.

“அப்ப ரெண்டுமே போட்டிருக்கு!” கோழிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பெருசும் போட்டிருக்கு, சின்னதும் போட்டிருக்கு. வாயில வச்சுக் காப்பாத்த வேண்டிய முட்டையை எதுக்கு முழுங்கணும்? நாம போடாத தீவனமா?”

“பசிக்கு முழுங்கின மாதிரி தெரியலீங்க.” அவள் முட்டைகளைப் பார்த்தபடியே யோசித்தாள். “எங்க வீட்டுப் பூனைகூட இப்படித்தான். குட்டி போட்ட இடத்தை யாராவது சும்மா சும்மா எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தா, பயந்துபோய்த் தன் குட்டியைத் தானே…” என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.