ஏழாம் நம்பர்

"தண்ணி குடிச்சுட்டு நிதானமா ஆரம்பிம்மா." கண்ணாடி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார், மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். நேர்முகத்துக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்த முகம் அது ஒன்றுதான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கிளை மேலாளரும் மனிதவள அதிகாரி அம்மாளும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். ஆளுக்கொரு மடிக்கணினியும் வைத்திருந்தார்கள். பெரியவர் முன்னால் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் யாரென்று ஒருவரும் சொல்லவுமில்லை.

முதலாளியாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள்.

வணிகத் தகவல் அமைப்பியலில் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. "கம்ப்யூட்டரா, கணக்கா, ஏதாவது ஒண்ணைச் சொல்லு" என்று கேட்கும் சித்தப்பாவுக்கு அந்தப் படிப்பை இன்னும் விளங்கவைக்க முடியவில்லை. இதுவும் அமையாவிட்டால் அவர் கடைக் கல்லாவில் போய் உட்கார் என்று அம்மா காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பிசினஸ் அனலிஸ்ட்னு போட்டிருக்கோம். வந்து என்ன பண்ணுவீங்க?" என்றார் மேலாளர்.

"எங்க நேரம் வீணாகுது, எந்த வேலையை சிஸ்டம்கிட்ட விடலாம்னு டேட்டாவை வெச்சு சொல்லுவேன் சார்."

"அப்ப சொல்லுங்க." மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். ஆர்டர் பதியும் பிரிவு. பெயர்கள் இல்லை, ஆளுக்கொரு நம்பர். "இதுல ஒருத்தரை வேலையை விட்டு எடுத்தே ஆகணும். யாரை, ஏன்?"

எண்களைக் கண்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தாள். அதிக நேரம் பிடிக்கவில்லை.

"ஏழாம் நம்பர் சார். மத்தவங்க பதியுறதுல பாதிதான் இவர் பதியுறார். கஸ்டமர் போன் பண்ணா வெக்கவே மாட்டேங்கிறார். செவ்வாய்க்கிழமை ஆனா அரை நாள் லீவு."

பெரியவர் முன்னால் குனிந்தார். "அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வீட்டுல ஏதாவது காரணம் இருக்கலாமில்லம்மா?"

முதலாளி ஆழம் பார்க்கிறார். இங்கே இளகினால் கல்லாப்பெட்டிதான்.

"இருக்கலாம் சார். ஆனா அது டேட்டால இல்லையே."

அதிகாரி அம்மாள் பக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெம்பாக இருந்தது.

"ரொம்ப வருஷமா இருக்கிற ஆளு," என்றார் பெரியவர், விடாமல். "கஸ்டமருங்க அவரைத்தான் கேக்குறாங்கன்னு வெச்சுக்கோயேன்..."

"பழைய ஆளுன்னு பாவம் பார்த்தா அந்தப் பாரம் மத்தவங்க தலையிலதான் சார் ஏறும். இவர் வேலையை ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு மிச்சத்தை சிஸ்டம்ல போட்டுடலாம்." கொஞ்சம் நிறுத்தி, பாடம் நடத்துகிற தோரணையில் முடித்தாள். "ஒரு வாரம் போனா, இவர் எங்கேன்னு யாரும் தேடக்கூட மாட்டாங்க."

பெரியவர் மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

"நல்லா படிச்சிருக்கம்மா," என்றார்.

அசத்திவிட்டோம் என்று அவளுக்கு உள்ளங்கால்வரை சிலிர்த்தது. "எப்ப சார் வந்து சேரணும்?" வாய் முந்திக்கொண்டது.

மேலாளர் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"நாங்க சொன்னப்ப பழிவாங்குறோம்னீங்க, இப்ப முன்னப்பின்ன தெரியாத பொண்ணே சொல்லிடுச்சு, கிளம்புங்கண்ணே."