பிரேக்கில் வைத்த கால்

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

லோரன்ஸ் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். இரத்தோட்டையில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருப்பதை ஸ்கேன் காட்டிவிட்டது. அது நரம்பை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்லவில்லை.

"மகள் கையப் புடிச்சி நான்தான் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகணும் டொக்டர். கம்பு ஊண்டிக்கிட்டுப் போக மாட்டேன்."

"நரம்பு சரியில்லன்னா இந்தக் கிழமையே ஒபரேஷன்," என்றார் டொக்டர் பஸ்லி. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் வாழ்த்தணும்."

நரம்புச் சோதனை செய்பவள் ஷெரோமி. வேலைக்கு வந்து ஒரு வருடம். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள்.

முழங்காலுக்குப் பின்னால் சிறிதாகக் கரண்ட் கொடுத்தாள். அது முதுகெலும்பு வரை ஏறி, திரும்பி வந்து, கெண்டைக்காலைத் துடிக்க வைக்க வேண்டும். அப்போது திரையில் ஓர் அலை எழும்.

"போயிட்டுத் திரும்பி வரணும். அவ்வளவுதான்," என்றார் டொக்டர்.

"நம்ம இரத்தோட்ட பஸ் மாதிரியா? போறது நிச்சயம். வர்றது மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

இடது காலில் அலை எழுந்தது.

வலது காலில் இல்லை.

ஷெரோமி வயரைக் கழற்றினாள். அளந்தாள். மறுபடி ஒட்டினாள்.

இல்லை.

அவள் விரல் தவறான பட்டனை அழுத்தியது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த கை. பஸ்லிக்குப் புதிதாக இருந்தது.

"நான் செய்யட்டா?"

வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு குனிந்து, நோயாளியிடம் மட்டும் பேசினாள்.

"பிரேக்ல வச்ச மாதிரியே கால இறுக்கி வச்சிருக்கீங்க. அதான் அலை வரல. எடுங்க."

"மிஸ் சொன்னா சரி," என்று லோரன்ஸ் சிரித்தார். சிரித்த சிரிப்பில் பாதம் தளர்ந்து தொங்கியது.

கரண்ட்.

அலை எழுந்தது. சிறியது. ஆனால் வர வேண்டிய நேரத்துக்கு வந்தது.

"வந்துட்டுது!" பஸ்லி கட்டிலைத் தட்டினார். "டிஸ்க் அழுத்துது, ஆனா நரம்பு தாங்குது. இப்போதைக்கு ஒபரேஷன் வேணாம். மெதுவா நடந்தே கூட்டிட்டுப் போங்க."

"மாதாவே!" லோரன்ஸ் தலையணைக்குள் முகம் புதைத்தார்.

ஷெரோமி சுவர்ப் பக்கம் திரும்பி, தேவையில்லாமல் வயரைச் சுருட்டினாள்.

"எங்களுக்கும் கல்யாணச் சாப்பாடு இருக்குதானே? பொண்ணு என்ன செய்றாங்க?" என்று கேட்டார் பஸ்லி.

லோரன்ஸ் ஷெரோமி பக்கம் பார்த்தார். சொல்லலாமா என்று அனுமதி கேட்பது போல இருந்தது.

சுருட்டிய வயர் ஷெரோமியின் கையிலிருந்து அவிழ்ந்தது.

"பொண்ணு நான்தான் டொக்டர்," என்றாள். "இன்னும் லீவு கேக்கல."